குடியிருக்கத் தக்க ஊர்

முப்பத்தைந்து ஆண்டுகள் சர்க்கார் உத்தியோகத்தில் ஊர் ஊராக மாற்றலாகிப் போய், தாம் நட்ட தென்னங்கன்று ஒன்று பாளை விடுவதைக் கண்ணால் காணும் அளவுக்கு எந்த ஊரிலும் நிலைத்திருக்கக் கொடுத்து வைக்காத என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற மறு மாதமே எனக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருந்தார். எஞ்சிய காலத்தை ஆத்ம க்ஷேமத்துக்கென்றே ஒதுக்கிவிடத் தாம் உறுதி செய்துவிட்டதாகவும், வாழ்நாளில் முதன்முறையாக ஊரைத் தாமே தெரிந்துகொள்ளும் சுதந்திரம் கிடைத்திருப்பதாகவும், அந்தச் சுதந்திரமே இப்போது தம்மை இரவில் உறங்கவொட்டாமல் செய்வதாகவும் எழுதி, காசி, திருவண்ணாமலை, ஸ்ரீரங்கம் என்று மூன்று பெயர்களைக் குறித்துவிட்டு, நான்காவதாக ஒரு புண்ணிய க்ஷேத்திரத்தின் வெளிப்புறத்தில் புதிதாக மனை பிரித்து உண்டாகிவரும் குடியிருப்பு ஒன்றைப் பற்றி இரண்டு பக்கம் வர்ணித்திருந்தார். மற்ற மூன்றும் அறிவு சொன்னவை, நான்காவதிலேதான் அவருடைய மனம் தங்கியிருக்கிறது என்பது எழுத்திலிருந்தே தெரிந்தது. சுற்றிலும் மதில், வாயிலில் காவலாள், விடியற்காலையிலும் அந்தியிலும் பாராயணம், ஒரே ஆசாரமும் ஒரே மனப்பாங்கும் உடையவர்களுக்கே மனை விற்பது என்ற நியதி. வெளியுலகத்தின் கூச்சல் உள்ளே வராது. ஸத்ஸங்கத்தில் வாழ விரும்புகிறவனுக்கு இதைவிட உத்தமமான இடம் இருக்க முடியுமா என்று கேட்டு, என் அபிப்பிராயத்தைத் தெரிவிக்கும்படி வேண்டியிருந்தார்.

இரண்டு மாதம் வரையில் நான் பதில் எழுதவில்லை. சோம்பலால் அன்று. ஊரைத் தெரிந்துகொள்வது என்பது வெளிப்பார்வைக்கு வீடு, தண்ணீர், ரெயில் வசதி ஆகியவற்றைப் பற்றிய லௌகிக விஷயமாகத் தோன்றினாலும், ஆழ்ந்து நினைக்க நினைக்க அது மனிதன் யாரோடு சேர்ந்தவன், யாருக்குக் கடன்பட்டவன் என்ற கேள்வியாக விரிந்துகொண்டே போய், ஒரு கடிதத்தில் அடங்காமல் நின்றதே காரணம்.

திருவாரூரில் பிறக்க முக்தி, தில்லையில் தரிசிக்க முக்தி, காசியில் இறக்க முக்தி, அருணாசலத்தை நினைக்க முக்தி என்பது நம் நாட்டுச் சைவர் வீடுகளில் சிறு பிள்ளைகளும் அறிந்த வழக்கு. பலகாலம் இதைக் கேட்டுப் பழகிய நான், நண்பருடைய கடிதம் வந்த பிறகே, தலங்களின் பெயரை விட்டு அவற்றோடு சேர்ந்து நிற்கும் வினைகளின் மேல் கருத்தைச் செலுத்தினேன். பிறப்பு நம் வசத்தில் இல்லை. தரிசனம் ஒரு யாத்திரையில் நிறைவேறிவிடும். மரணம் ஒரு கணத்தில் முடிவது. நினைவுக்கோ இடமே வேண்டுவதில்லை. கடலுக்கு அப்பால் இருப்பவனும் மலையை நினைக்கலாம். ஆனால் பிறப்புக்கும் இறப்புக்கும் நடுவே, வாசல் தெளித்து, உலை வைத்து, குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு கலங்கி, பக்கத்து வீட்டாரோடு சாக்கடைக்காக மனத்தாங்கல் கொண்டு, பிறகு அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கே பந்தல்கால் நட முன்னின்று நாம் வாழ்கிறோமே, ஐம்பது அறுபது ஆண்டுகள் நீளும் அந்த வாழ்வைப் பற்றி அந்நான்கு வாக்கியங்களும் மௌனமாக இருக்கின்றன. வழக்கை ஐந்தாக விரித்துச் சொல்வோர் மட்டும் காஞ்சியைக் கூட்டி, அங்கே வாழ முக்தி என்பர். வாழ்தல் என்னும் மிக நீண்ட, மிகவும் கலப்படமான, புனிதம் என்று ஒருவரும் சட்டென்று சொல்லத் துணியாத செயலைத் தனக்கு உரியதாக ஏற்றுக்கொண்ட ஊர் அது ஒன்றே. இளமையில் நான்கு ஆண்டுகள் உபாத்தியாயராக நான் அங்கே குடியிருந்தவன். ஆகையால் இந்த வழக்கு என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

ஊரின் இலக்கணம் இன்னதென்று வரையறுக்க முயன்றவர்கள் பல தேசங்களிலும் இருந்திருக்கிறார்கள். சாணக்கியர் பெயரால் வழங்கும் நீதி நூல், தனவந்தர், வேதம் வல்லவர், அரசன், ஆறு, வைத்தியர் என்னும் ஐந்தும் இல்லாத இடத்தில் ஒரு நாளும் தங்கலாகாது என்று விதிக்கிறது. யூதர்களின் சமய நூலாகிய தால்முத், கற்றறிந்தவன் குடியிருக்கும் ஊரில் அவசியம் இருக்க வேண்டியவற்றைக் கணக்கிடும்போது, நியாயஸ்தலத்தையும் தொழுகைக் கூடத்தையும் சொல்லி, அவற்றோடு ஒரே வரிசையில் குளிக்கும் இடத்தையும், கழிப்பிடத்தையும், வைத்தியனையும், சிறுவர்களுக்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியனையும் வைக்கிறது. ஏழைகளுக்கான தர்மப் பணத்தை இருவர் சேர்ந்து தண்டி, மூவர் சேர்ந்து பகிர வேண்டும் என்றும் கூறுகிறது. தெய்வத்தைத் தேடுகிறவனுக்கும் உடம்பு உண்டு, அவன் பக்கத்தில் ஏழை ஒருவன் இருப்பான், அந்த ஏழைக்கு உரிய பணத்தைத் தனி ஒருவன் கையில் ஒப்படைத்துவிடக் கூடாது என்றெல்லாம் நினைத்துப் பார்த்த பெரியோர்களின் விவேகத்துக்கு நான் தலைவணங்குகிறேன். நாட்டுக்கு அணி என ஐந்தை எண்ணும் வள்ளுவரும் பிணியின்மையையே முதலில் வைத்தார். ஆகையால் நல்ல கிணறும் நல்ல வைத்தியரும் உள்ள ஊராக வேண்டும் என்று நண்பர் விரும்பியதில் நான் குறை காணவில்லை.

வாதத்துக்கு இடமானது மற்றொன்று. இடம் மனத்தை எவ்வளவு தூரம் ஆக்கவோ கெடுக்கவோ வல்லது? பௌத்தர்களின் மங்கல சூத்திரத்தில் புத்தர் எண்ணிச் சொல்லும் 38 மங்கலங்களுள் தக்க தேசத்தில் வசித்தலும் ஒன்று. அறிவிலிகளோடு சேராமை, அறிஞரோடு சேர்தல் என்று தொடங்கி அதற்கு வரும் அந்த உபதேசம், அதே மூச்சில் தன்னை நன்னெறியில் நிறுத்திக்கொள்ளுதலையும் சொல்லிவிடுகிறது. இடம் பாதி, நிற்பவன் பாதி என்று அதை நான் கொள்கிறேன். சீன தேசத்து மெங்சியஸ் என்னும் ஞானியின் தாய், மகன் பிள்ளைப் பருவத்தில் இடுகாட்டருகே வசித்தபோது அழுகைச் சடங்குகளையும், கடைவீதியருகே வசித்தபோது விலை கூறுவதையும் விளையாட்டாகச் செய்யக் கண்டு, மூன்றாவதாக ஒரு பள்ளிக்கூடத்தின் அருகே குடியேறினாள் என்று சொல்வார்கள். அவர்களுக்கெல்லாம் ஆசானாகிய கன்பூசியஸும், அன்பு குடிகொண்ட அயலைத் தெரிந்துகொள்ளாதவனை அறிவுடையவனாக எப்படிக் கருதுவது என்று கேட்டவரே. ஆனால் அதே கன்பூசியஸ், நாகரிகமில்லாதவர் என்று பிறர் இகழ்ந்த கீழைக் கூட்டத்தாரிடையே சென்று வாழத் தாம் விரும்பியபோது, அவர்கள் முரடர்களாயிற்றே என்று ஒருவர் தடுக்க, சான்றோன் ஒருவன் அங்கே வாழப் புகுந்தால் முரட்டுத்தனம் எங்கே நிற்கும் என்று மறுமொழி கூறியதையும் அவர் சீடர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இவை ஒன்றுக்கொன்று முரணான வாக்குகள் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தாய் வீடு மாற்றியது மகனுக்காக. கன்பூசியஸ் போக நினைத்தது தமக்காக. அதுவும் தமக்கு ஏதோ கிடைக்கும் என்பதற்காக அன்று, தம்மிடம் இருப்பது அவர்களுக்குக் கிடைக்கும் என்பதற்காக. நாற்றங்காலுக்கு வேலி வேண்டும். அறுபது ஆண்டு மழையும் வெயிலும் கண்ட மரம் வேலியைக் கேட்டால் என்ன சொல்வது? என் நண்பர் எந்த வயதில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்கிறார் என்பதை அவருக்கு நினைவூட்டாமல் இருப்பது ஸ்நேக தர்மம் ஆகாது என்று நினைத்தேன்.

நம் பழைய இலக்கியத்திலே உத்தமமான ஊரைப் பற்றிய வர்ணனை ஒன்று உண்டு. அதை நினைக்கும்போதெல்லாம் என் உள்ளம் கனிந்துபோகும். பாண்டி நாட்டுப் பிசிர் என்னும் ஊரில் வாழ்ந்த ஆந்தையார் என்ற புலவரை நோக்கி, இத்தனை ஆண்டுகள் ஆகியும் உமக்கு நரை தோன்றவில்லையே, எப்படி என்று சிலர் கேட்டார்கள். என் மனைவி குணவதி, மக்கள் அறிவு நிரம்பியவர்கள், ஏவலர் நான் நினைப்பதையே நினைக்கிறார்கள், அரசன் முறையல்லாதவற்றைச் செய்யாமல் காக்கிறான். இவற்றுக்கெல்லாம் மேலாக, கற்று நிறைந்து, அந்த நிறைவினாலேயே பணிந்து அடங்கிய சான்றோர் பலர் என் ஊரில் வாழ்கிறார்கள் என்று அவர் விடையிறுத்ததாகப் புறநானூறு கூறுகிறது. மாடமாளிகைகளையோ மதிலையோ அவர் சொல்லவில்லை. தம் மயிர்க்கால்களையே சாட்சியாக்கி ஊரின் பெருமையைச் சொன்னார். இந்தச் செய்யுளைப் பள்ளிக்கூடங்களிலே கற்பிக்கிறோம். ஆனால் இந்தப் பதிலை அவர் எங்கே நின்று கூறினார் என்பதை மாணவர்களுக்கு நாம் அழுத்திச் சொல்வதில்லை. பிள்ளைகளே பகையாகி எழுந்ததனால் மனம் வெறுத்து, வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாது உயிர்விடத் துணிந்த கோப்பெருஞ்சோழன், தான் ஒரு நாளும் நேரில் கண்டறியாத ஆந்தையாருக்காகத் தன் பக்கத்திலே இடம் ஒதுக்கி வைத்தான். சுற்றியிருந்தோர் அவர் வருவாரோ என்று ஐயுற்றார்கள். அவர் வந்தார். கேள்வியும் பதிலும் அந்த இடத்திலே நிகழ்ந்தவை. நரையே அணுகாத அளவுக்கு இசைந்த ஊரை விட்டு, அயல் நாட்டில், பசியால் வற்றிக்கொண்டிருக்கும் ஒரு நண்பனின் பக்கத்தில் இறப்பதற்கு வந்து அமர்ந்த மனிதர் கூறிய ஊர்ப்பெருமை அது. அந்தச் சான்றோர்கள் நடுவே வாழ்ந்ததனால்தான் இப்படி எழுந்து வர அவருக்கு முடிந்தது என்று நான் நம்புகிறேன். ஊர் அவரைத் தன்னோடு கட்டிப் போடவில்லை; விட்டு வரும் வலிமையைக் கொடுத்து அனுப்பியது.

உடம்பிலே ஒதுக்குக்குடியாகத் துச்சில் இருக்கும் உயிருக்கு நிலையான புக்கில் இன்னும் அமையவில்லையோ என்று வள்ளுவர் நிலையாமை அதிகாரத்தின் இறுதியில் கேட்கிறார். உடம்பே வாடகை வீடு என்றால், அந்த உடம்பைக் கொண்டுபோய் வைக்கும் ஊரில் சாசுவதத்தைத் தேடுவது எப்படி? 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையில் வந்து இறங்கிய சிறுவன் 1950 ஏப்ரலில் தேகம் விடும் வரையில் அந்த மலையை விட்டு நீங்கவில்லை என்பது உண்மையே. ஆனால் ரமணர் நான்கு ஊர்களை எழுதி வைத்து நிறுத்துப் பார்த்து அதைத் தெரிந்துகொள்ளவில்லை. வீட்டை விட்டுக் காட்டுக்குப் போகட்டுமா என்று தம்மிடம் வந்து கேட்டவர்களுக்கு, மனம் கூடவே வருமே என்றுதான் அவர் விடை கூறிவந்தார்.

இனி காஞ்சிக்கு வருகிறேன். பிள்ளையார்பாளையத்தில், நெசவாளர் தெரு ஒன்றில், முன்கட்டில் தறியும் பின்கட்டில் எங்கள் அறையுமாக இருந்த வீட்டில் நான் வாடகைக்கு இருந்தேன். தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கும் பெரியவரும், கரைக்கு நாடா எறிய அவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பையனும், உடலுக்கு ஒரு வர்ணமும் கரைக்கு வேறு வர்ணமுமாக, ஒவ்வோர் இழையிலும் இரண்டையும் கோத்துக் கோத்து நெய்வதைக் கோர்வை என்பார்கள். புடவை கிழிந்தாலும் அந்தச் சேர்க்கை விட்டுப் போகாது என்பது அவர்கள் பெருமை. ஆனால் என் நினைவில் இன்னும் ஆழமாக நிற்பது நெடுக்கிழைகளாகிய பாவை வைகறையில் தெருவில் நீட்டும் காட்சி. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை அது. ஒரு வீட்டாருடைய பாவு பத்து வீட்டு வாசல்களை மறைத்துக்கொண்டு தெரு நெடுக நீண்டு கிடக்கும். அது சுருட்டப்படும் வரையில் அந்தப் பத்து வீட்டாரும் வண்டி கட்ட மாட்டார்கள். மாட்டை அவிழ்க்க மாட்டார்கள். பால்காரர் தெருமுனையிலேயே நின்றுவிடுவார். அறுந்த இழையைக் கண்டவர், அது யாருடையதானாலும், குனிந்து முடிந்துவிட்டுப் போவார். இதற்குச் சட்டம் கிடையாது. நன்றி கூறும் வழக்கமும் கிடையாது. காஞ்சியில் வாழ முக்தி என்ற வாக்கியத்தின் பொருள் எனக்கு ஏகாம்பரநாதர் சந்நிதியில் விளங்கியதைவிட அந்தத் தெருவில் சற்று அதிகமாக விளங்கியது.

ஊரின் சரித்திரமே ஒரு பாவு போல நீண்டு கிடப்பதுதான். ஏழாம் நூற்றாண்டில் அங்கே வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், நூறு சங்காராமங்களும் பதினாயிரம் பிக்ஷுக்களும், எண்பது தேவாலயங்களும், ஜைன நிர்க்கிரந்தர் பலரும் அங்கே இருந்ததாகவும், மக்கள் வாய்மையையும் கல்வியையும் போற்றியதாகவும் எழுதினார். புகாரை விட்டுப் புறப்பட்ட மணிமேகலை, பஞ்சத்தால் வாடிய காஞ்சிக்கு வந்து அமுதசுரபியால் பசி தீர்த்து, அங்கேயே அறவண அடிகளிடம் தர்மம் கேட்டு அமைந்தாள் என்று அவள் காப்பியம் முடிகிறது. சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி, ஜினகாஞ்சி என்று ஒரே ஊர் மூன்று பெயர் தாங்கி நின்றது. இவர்களெல்லாம் சண்டையின்றி வாழ்ந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்தில், காணாமற்போன ஒரு கபால பாத்திரத்துக்காகக் காபாலிகனும் பௌத்த பிக்ஷுவும் பாசுபதனும் இந்தக் காஞ்சித் தெருவிலேதான் வாதாடுகிறார்கள். சண்டையிடுவதற்கும் ஒரே தெருவில் நிற்க வேண்டும் அல்லவா? ஒரே ஆசாரத்தார் மட்டும் வாழும் மதிலுக்குள்ளே கபாலம் காணாமற்போகாது என்பது மெய்தான். ஆனால் அங்கே மணிமேகலை நுழைவதற்கு வாயில் ஏது?

புகழ்ச்சியோடு நின்றுவிட்டால் நண்பருக்கு நான் உண்மை பேசியவன் ஆக மாட்டேன். இதே காஞ்சியில் ராமானுஜர் இல்லறத்தில் இருந்த காலத்தில், வரதராஜனுக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியம் செய்துவந்த திருக்கச்சி நம்பியைக் குருவாகப் பாவித்து, அவர் உண்ட சேஷத்தைத் தாம் உண்ண வேண்டும் என்று ஆசைப்பட்டு விருந்துக்கு அழைத்தார். நம்பி வேறு குலத்தவர். ராமானுஜர் ஒரு தெரு வழியாக அவரை எதிர்கொள்ளப் போயிருக்கையில், நம்பி மற்றொரு தெரு வழியாக வந்து, உண்டு, போய்விட்டார். திரும்பி வந்தவர் கண்டது, இலை அகற்றப்பட்டு, இடம் மெழுகப்பட்டு, மனைவி தீட்டுக் கழிய நீராடி நின்ற கோலத்தை. காஞ்சியில் வாழ்ந்தும், அத்தனை கோபுரங்களின் நிழலில் உறங்கி எழுந்தும், ஒரு வீட்டின் நடையைத் தாண்டி அந்த ஊரின் மகிமை உள்ளே வரவில்லை. அந்த வேதனையையும் ஒரு காரணமாகக் கொண்டே அவர் துறவு பூண்டார் என்று குருபரம்பரை சொல்லும்.

தில்லையையும் இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. தரிசிக்க முக்தி தரும் அந்தத் தலத்தைத் தரிசிக்க, ஆதனூர்ப் புலைப்பாடியிலிருந்து, நாளைப் போவேன் நாளைப் போவேன் என்று எத்தனையோ நாளை ஏங்கிக் கழித்து வந்த நந்தனார், ஊரின் எல்லையிலே நின்றுவிட்டார். உள்ளே எழும் வேள்விப் புகையைக் கண்டு, தம் பிறப்பை நினைத்து அஞ்சி, இரவும் பகலும் அந்த எல்லையையே வலம் வந்தார் என்று சேக்கிழார் பாடுகிறார். தீயில் புகுந்து வெளிப்பட்ட பிறகே அவருக்குத் தில்லை கிடைத்தது. கனகசபையின் சிறப்பை நான் மறுக்கவில்லை. என் தந்தையார் அங்கே கண்ணீர் பெருக நின்றதைப் பார்த்தவன் நான். ஆயினும் அந்த நாளில் தில்லை என்னும் ஊர் எப்படிப்பட்டது என்று யாரேனும் என்னைக் கேட்டால், சந்நிதியில் நின்று விடை சொல்ல எனக்குத் துணிவு வராது. எல்லையில் நந்தனாரின் காலடி தேய்த்த வட்டத்தில் நின்றுதான் சொல்ல வேண்டும். எந்த ஊரையும் அதன் நடுவிலிருந்து பார்த்தால் கோபுரம் தெரியும். எல்லையிலிருந்து பார்த்தால்தான் ஊர் தெரியும்.

இதை நான் ஏடுகளிலிருந்து மட்டும் கற்கவில்லை. பிள்ளையார்பாளையத்துத் தெருவை அன்றாடம் விடியுமுன் கூட்டிவிட்டுப் போகும் முதியவள் ஒருத்தி இருந்தாள். பாவு நீட்டுவதற்கு முன்பே தெரு சுத்தமாக இருக்கும். அதை யார் செய்தார்கள் என்று நினைக்கவும் எங்களுக்கு அவகாசம் இருந்ததில்லை. ஓர் ஐப்பசி மாதத்து அடைமழையில் ஐந்தாறு நாள் அவள் வரவில்லை. தெருவில் இருந்த நாலைந்து பேர் சேர்ந்து கேட்டுக் கேட்டு, ஊருக்கு வெளியே ஓர் ஏரியின் உட்புறத் தாழ்விலே அவள் குடிசையைக் கண்டோம். உள்ளே முழங்கால் அளவு நீர். அடுப்பைத் தூக்கி ஒரு பெட்டியின் மேல் வைத்துவிட்டு, அவள் பேரனை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எங்களைக் கண்டதும் பதறி எழுந்து, "சாமி, தெரு குப்பையாக் கெடக்குதுங்களா?" என்று கேட்டாள். மூன்று ஆண்டுகள் அந்த நகரத்தில் வாழ்ந்து, அதன் கோயில்களின் கல்வெட்டுகளைப் பற்றியெல்லாம் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த நான், அந்த நகரத்தில் இப்படி ஓர் இடம் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன். அந்தக் கேள்வி இன்றும் என் காதில் விழுகிறது.

ஆகவே நண்பருக்கு எழுதும்போது, மதிலும் காவலும் உள்ள அந்தக் குடியிருப்பில் பாராயணம் எத்தனை வேளை என்று நான் கேட்கவில்லை. அங்கே விடியற்காலையில் தெருவைக் கூட்டுகிறவர்கள் எங்கே உறங்குகிறார்கள், சமைக்க வருகிற பெண் எந்த வாயில் வழியாக வருகிறாள், ஆசாரத்தில் வேறுபட்ட ஒருவர் உங்கள் பக்கத்து மனையை விரும்பினால் என்ன மொழியில் அவருக்கு மறுப்புச் சொல்வார்கள் என்ற மூன்றை மட்டும் விசாரித்து அறியும்படி கேட்டேன். ஸத்ஸங்கம் என்பது தம்மைப் போன்றவர்களின் கூட்டம் என்று அவர் நினைத்திருந்தால், தம் முகத்தையே நாற்பது கண்ணாடிகளில் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்றும் எழுதினேன். எழுதிய பிறகு கடுமையாகிவிட்டதோ என்று வருந்தினேன், ஆயினும் அந்த வரியை அடித்து நீக்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் வேர்விட முடியாமல் அலைந்த ஒருவர் அமைதியான நிழலை விரும்புவது எத்தனை நியாயம் என்பதை நான் உணராதவன் அல்லன். அந்த நிழல் பிறர் மேல் வெயிலாக விழக்கூடாதே என்பதே என் கவலை.

கடிதத்தின் முடிவில் திருவெஃகாவின் கதையை எழுதினேன். திருமழிசையாழ்வார் காஞ்சியில் தங்கியிருந்த காலத்தில், அவருக்குப் பணிவிடை செய்த கிழவி ஒருத்தி அவர் அருளால் இளமை பெற்றாள். அவளை மணந்த பல்லவ மன்னன், தான் மட்டும் மூப்படைவது பொறாமல், ஆழ்வாரின் சீடனாகிய கணிகண்ணனை அழைத்து, ஆழ்வாரை அரண்மனைக்கு அழைத்து வா, இல்லையேல் என்னைப் பாடு என்றான். கணிகண்ணன் இரண்டுக்கும் இசையவில்லை. அரசன் அவனை ஊரை விட்டுப் போகச் சொன்னான். உடம்பு என்னும் வாடகை வீட்டை விட்டுப் போக மனமில்லாத ஒருவன், குற்றமற்ற ஒருவனை ஊரை விட்டுப் போகச் சொன்ன விபரீதம் அது. சீடன் போனால் நானும் போகிறேன் என்று ஆழ்வார் புறப்பட்டார். திருவெஃகாக் கோயிலில் பள்ளிகொண்ட பெருமாளிடமும், உன் பைந்நாகப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வா என்றார். பெருமாள் சுருட்டிக்கொண்டு நடந்தார். ஊர் இருண்டது. கோயில்களும் கோபுரங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரு மனிதன் இல்லை, அவ்வளவே. அவர்கள் மூவரும் பாலாற்றின் பக்கம் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிரவிருக்கை என்று பெயர் பெற்று, இன்று ஓரிக்கை என வழங்குகிறது. அரசன் ஓடி வந்து பணிந்து வேண்ட, கணிகண்ணன் திரும்பினான்; அவனுக்குப் பின்னே ஆழ்வாரும், ஆழ்வாருக்குப் பின்னே பெருமாளும் திரும்பினார்கள்.

கடிதம் கிடைத்த பத்தாம் நாள் நண்பர் நேரில் வந்துவிட்டார். மனையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை; என்னைக் காஞ்சிக்கு அழைத்துப் போகும்படி மட்டும் கேட்டார். இருவரும் போனோம். திருவெஃகாவில் அந்த யதோக்தகாரிப் பெருமாளின் சந்நிதியில் எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. பட்டர் கர்ப்பூரத்தை உயர்த்திக் காட்டி, மற்றத் தலங்களில் உள்ள கிடக்கைக்கு நேர்மாறான திசையில் இங்கே பெருமாள் சயனித்திருப்பதையும், போய்த் திரும்பி வந்து படுத்ததற்கு அதுவே அடையாளம் என்பதையும் சொன்னார். ஒரு முறை எழுந்து போக நேர்ந்தவர் மறுபடி வந்தாலும் பழையபடி படுக்க முடியவில்லை என்று எனக்குத் தோன்றியது. நண்பர் வெகுநேரம் அந்தத் திருமுடி இருந்த பக்கத்தையும் திருவடி இருந்த பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். தீர்த்தம் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது, பட்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்:

"ஓரிக்கைக்கு இங்கிருந்து எப்படிப் போகணும்?"